அடைக்கலமும் அனுமதியும்

தனிமனிதரின் உள்ளத்திற் பிறக்கும் ஓர் அறக்கொள்கை, நிறுவனமாக உருப்பெறுமிடத்து வலிமை பெறுகின்றதா, அன்றி நலிவடைகின்றதா என்பது எளிதில் விடை காண முடியாத வினாவாகும். இதனைக் கருத்தளவில் விவாதிப்பதினும், குறித்ததொரு நிறுவனத்தின் வரலாற்றோடு பொருத்தி நோக்குதல் பயனுடையது. ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், நியூ கார்டன் என்னுமிடத்தில், 1837 ஆம் ஆண்டு குவேக்கர் சமயத்தார் நிறுவிய விடுதிப் பாடசாலை இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். 1888 இல் இது கில்போர்ட் கல்லூரி எனத் தரமுயர்ந்தது.

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்திலே ஜோர்ஜ் பொக்ஸ் என்பார் தோற்றுவித்த குவேக்கர் இயக்கம், ஒவ்வொரு மனிதரின் உள்ளத்திலும் இறையொளி உறைகின்றது என்னும் நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டது. ஒளி யாவர்க்கும் பொதுவாயின் இடைநின்று உணர்த்தக் குருமார் எதற்கு? பட்டங்கள் எதற்கு? இவ்வாறு வினவிய அவர்கள் மௌனமாகக் கூடியிருந்து வழிபட்டனர், போரை மறுத்தனர், பெரியோரையும் சிறியோரையும் ஒரே முன்னிலைச் சொல்லால் விளித்தனர்.

இந்நம்பிக்கையின் தருக்கரீதியான முடிவு அடிமை முறையை மறுப்பதேயாம். அம்முடிவை எய்துவதற்கு அவர்களுக்கே ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது. எய்திய பின்னரோ சட்டம் குறுக்கே நின்றது. நீதிமன்றத்தின் இசைவின்றி அடிமைகளை விடுவித்தலை வட கரோலினா 1777 இல் தடைசெய்தது. அவ்வாறு விடுவிக்கப்பட்டோர் மீண்டும் பிடித்து விற்கப்படலாயினர். எனவே 1808 இல் குவேக்கர்களின் ஆண்டுப் பேரவை விந்தையானதொரு வழியைக் கைக்கொண்டது. உறுப்பினர் தம் அடிமைகளின் உரித்தைப் பேரவையின் பொறுப்பாளர்களுக்கு மாற்றிக் கொடுத்தனர். சட்டத்தின் முன் அடிமைகளின் உடைமையாளராக நின்றுகொண்டே, நடைமுறையில் அவர்களைச் சுதந்திரராக வாழவும், இயன்றவிடத்து அடிமை முறையற்ற மாநிலங்களுக்குச் செல்லவும் பேரவை வகைசெய்தது.

நியூ கார்டனில் லீவாய் கொபினும் அவருடைய உறவினரான வெஸ்டல் கொபினும் 1821 இல் அடிமைகளுக்கென ஞாயிறு பாடசாலையொன்றைத் தொடங்கினர். உடைமையாளரின் எதிர்ப்பினால் அது விரைவில் மூடப்பட்டது. 1830 இல், அடிமைகளுக்கு எழுத்தறிவித்தலே குற்றம் என மாநிலம் சட்டமியற்றியது.

இதற்கு ஏழாண்டுகளின் பின்னரே விடுதிப் பாடசாலை திறக்கப்பட்டது. முதலிற் சேர்ந்தோர் 25 மாணவரும் 25 மாணவியருமாவர். இருபாலாரும் ஒரு பாடசாலையிற் கற்றல் தென் மாநிலங்களில் அரிதாயிருந்த அக்காலத்தில், ஆண் பெண் தொடர்பிலேனும் சமத்துவக் கொள்கை செயலுருப் பெற்றமையை இவ்வெண்கள் காட்டுகின்றன. வளாக வாழ்வு குவேக்கர் ஒழுங்கிற்கு அமைந்திருந்தது. எளிய உடை, மௌன வழிபாடு, கிழமைகளைப் பிற தெய்வங்களின் பெயரால் அன்றி முதலாம் நாள், இரண்டாம் நாள் என எண்ணிட்டு வழங்குதல் ஆகியன அவர்தம் மரபுகள். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரின்போதும் இப்பாடசாலை மூடப்படவில்லை.

பாடசாலையை அடுத்திருந்த காட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. பாடசாலை தோன்றுவதற்கு முன்பிருந்தே, தப்பியோடிவந்த அடிமைகள் அங்கு மறைந்திருந்தனர். கொபின் குடும்பத்தார் அவர்களுக்கு உணவளித்து, வடக்கு நோக்கி வழியனுப்பினர். அகப்பட்டால் தண்டனை உறுதி என்பதை அறிந்தே அவர்கள் இதனைச் செய்தனர்.

ஆயின், காட்டில் அடைக்கலம் கிடைத்த இனத்தவருக்கு வகுப்பறையில் அனுமதி எப்போது கிடைத்தது? 1962 ஆம் ஆண்டிலேயே கறுப்பின அமெரிக்க மாணவர் இக்கல்லூரியிற் சேர்க்கப்பட்டனர். இடைப்பட்ட காலம் 125 ஆண்டுகள். கல்லூரி அமைந்துள்ள கிறீன்ஸ்பரோ நகரில், வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்த உணவு மேடையில் நான்கு கறுப்பின மாணவர் அமர்ந்து அறப்போர் தொடங்கியது 1960 பெப்ரவரி முதலாந் திகதி. அதற்கும் ஈராண்டு கழித்தே இக்கதவு திறந்தது.

பாடசாலையின் சார்பிற் கூறத்தக்க நியாயம் ஒன்றுண்டு. பகைமை மிக்க சூழலில் சிறுபான்மைச் சமயத்தார் நடத்திய பாடசாலை அது. துணிந்திருந்தால் அழிந்திருக்கும் என்பர். 1865 வரையுள்ள காலத்திற்கு இது பொருந்தக்கூடும். ஆனால் அடிமை முறையோடு 1830 ஆம் ஆண்டுச் சட்டமும் வலுவிழந்தது. அதன் பின்னரும் 97 ஆண்டுகள் கதவு திறக்கப்படவில்லை. நிறுவனங்களுக்குத் துணிவு இயல்பன்று எனக் கூறவும் இயலாது. 1808 இல் சட்டத்தையே கருவியாக்கிச் சட்டத்தை வென்றதும் ஒரு நிறுவனமே.

எனவே காரணத்தை வேறிடத்திலே தேடல் வேண்டும். போரின் பின்னர் வடபுலக் குவேக்கர் விடுதலை பெற்ற மக்களுக்கெனத் தனிப் பாடசாலைகளை நிறுவினர். பிலடெல்பியாவைச் சேர்ந்த யார்ட்லி வார்னர் கிறீன்ஸ்பரோவிலே நிலம் வாங்கி அவர்கள் குடியேற வழிவகுத்தார். இவை மெய்யான தொண்டுகள். எனினும் உதவுதல் வேறு, உடனமர்தல் வேறு. அடைக்கலம் அளிப்பவர் தம் உயிரையே பணயம் வைக்கலாம். ஆயினும் வீடு அவருடையதாகவே இருக்கும், வந்தவர் விருந்தினராகவே செல்வார். அனுமதி அத்தகையதன்று. அனுமதி பெற்றவர் அங்கேயே தங்குகிறார்; வினாத் தொடுக்கிறார்; நாளை ஆசிரியராகவும் நிருவாகியாகவும் வருகிறார். உயிரைத் துச்சமாக மதித்த அறம் இவ்வுரிமையைப் பகிரத் தயங்கியது.

ஒரு கல்வி நிறுவனம் தன் அறத்தை அளவிடத் தான் ஆற்றிய தொண்டுகளை மட்டும் எண்ணுதல் போதாது. தன் மாணவர் பதிவேட்டில் யாருடைய பெயர்கள் இல்லை என்பதையும், அவை இல்லாமைக்குத் தான் கூறும் காரணம் எந்த ஆண்டோடு காலாவதியாயிற்று என்பதையும் அது வினவுதல் வேண்டும். கில்போர்ட்டின் பழைய காடு இன்றும் பேணப்படுகின்றது. அக்காட்டைப் பெருமையோடு காட்டுவோர் 1962 என்னும் ஆண்டையும் அதனோடு சேர்த்தே கூறுதல் நேர்மையாகும்.