பாரத்தைக் கொட்டிவிடுங்கள்



பருத்தியிலும் மக்காச்சோளத்திலும் புழு விழுந்தால், நம் இருக்கன்குடிச் சம்சாரி மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு கரிசலில் இறங்குகிறார். பெரும் பண்ணைகள் உள்ள தேசங்களில் இந்த வேலையை ஆகாய விமானத்தைக்கொண்டு செய்வதுண்டு. 1921-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்தில் முதன்முதலாக அப்படி மருந்து தூவினார்கள். நம் பெங்களூர் விமானத் தொழிற்சாலையும் இதற்கென்றே ‘பசந்த்’ என்னும் சிறு விமானத்தைச் செய்து, 1972-ம் ஆண்டில் பறக்கவிட்டது. ஓட்டுகிறவர் ஒருவர், இயந்திரமும் ஒன்றே.

பயிரின் தலையை ஒட்டினாற்போல், பனை உயரத்துக்கும் தாழவே பறக்கும் விமானம் அது. அந்த உயரத்தில் இயந்திரம் நின்றுபோனால் யோசிக்க நேரம் ஏது? ஓட்டுகிறவர் செய்யவேண்டியவை மூன்று. தொட்டியின் கதவைத் திறந்து மருந்து முழுவதையும் கொட்டிவிட வேண்டும். விமானத்தின் மூக்கைத் தாழ்த்த வேண்டும். பயந்து நிமிர்த்தினால் வேகம் குறைந்து கல்லைப்போல் விழும். புறப்பட்ட இடத்துக்குத் திரும்பப் பாராமல், எதிரே தெரியும் வெட்டவெளியில் இறக்க வேண்டும். ‘விலை கொடுத்து வாங்கிய மருந்தாயிற்றே’ என்று தயங்கினால் மருந்தும் போகும், உயிரும் போகும்.

தொட்டியில் இருப்பது மாத்திரம் பாரமல்ல. 1993-ம் ஆண்டு நவம்பர் 15-ம் தேதி, சென்னையிலிருந்து ஐதராபாத்துக்குப் போன இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, பார்வைக்குத் தரை தெளிவாகத் தெரியாததால் அங்கே இறங்க முடியாமல் மறுபடியும் மேலே எழும்பிற்று. இறங்குவதற்காக இறக்கையிலிருந்து நீட்டிய தகடுகளோ உள்ளே மடங்கவில்லை. அப்படியே சென்னைக்குத் திரும்பினார்கள். நீட்டிய தகடுகள் காற்றைத் தடுக்க, எண்ணெய் மளமளவென்று செலவாகி, வழியிலேயே தீர்ந்துபோயிற்று. திருப்பதிக்கு அருகே நெல்வயலில் விமானம் இறங்கிற்று. உள்ளே இருந்த 262 பேரும் உயிர் பிழைத்தது சர்வேசுரனுடைய இரக்கம்.

பிரியமானவர்களே, உங்கள் இருதயத்தில் மடங்காமல் நிற்கும் தகடு எது? கிணற்றுப் பங்கா, வரப்புத் தகராறா, தங்கைக்குப் போடாமல் விட்ட நகையா? அண்ணனும் தம்பியும் ஒரே பூசை காண்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. செபமும் தவமும் எவ்வளவு செய்தாலும், அந்தப் பகை அத்தனையையும் தின்றுவிடும்.

காலையில் தூக்குச்சட்டியோடு பட்டாசு ஆலைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்! 2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் முப்பது பேருக்கு மேல் மாண்டதை மறந்தவர் உண்டோ? பாதுகாப்பு விதிகளை மீறிவிட்டு, ஆண்டவர் காப்பார் என்பது விசுவாசமல்ல, அவரைச் சோதிப்பதே. ஆனால் விதிகளைக் காத்தவருக்கும் சடுதி மரணம் வரலாம். அந்த விநாடியில் புதிதாக ஒன்றும் கற்க முடியாது. முன்னமே பழகியிருந்தால்தான் கை ஓடும்.

ஆகையால் இந்தச் சனிக்கிழமையே பாவசங்கீர்த்தனத்தில் பாரத்தைக் கொட்டிவிடுங்கள். மூக்கைத் தாழ்த்தி, நீங்களே முதலில் போய்ப் பேசுங்கள். பழைய கணக்கைத் திருப்பிப் பாராதிருங்கள். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு சமாதானமாகச் சொன்னவர் நம் ஆண்டவரே அல்லவா? நாளைக் காலை வேலைக்குப் புறப்படுகிறவர், வீட்டில் ஒருவர்மீதும் மனத்தாங்கல் இல்லாமல் படியிறங்கட்டும்.

ஆமென்.