சம ஊதியமும் சம நீதியும்

ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்று நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சம்பளப் பட்டியல் எழுதுவதில்லை. மானியக் குழு வகுத்த ஊதிய விகிதம் இருபாலார்க்கும் ஒன்றே. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமும் அதையே வற்புறுத்திற்று. ஆயினும் 2020-21ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில், ஆசிரியர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர் பெண்களாயிருக்க, பேராசிரியர்களுள் அவர்கள் மூன்றில் ஒரு பங்கையும் எட்டவில்லை. முன்னாளில் பணியில் சேர்ந்த பெண்கள் சிலரே என்று காரணம் கூறுவர். அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை.

மாற்றலால் ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களுக்கு மற்றொரு காரணம் நன்கு தெரியும். கணவருக்கு உத்தரவு வந்ததும், திருச்சியிலோ மதுரையிலோ விரிவுரையாளராயிருந்த மனைவி வேலையைத் துறந்து உடன் வருகிறார். புதிய ஊரில் கிடைப்பது தற்காலிக நியமனம். 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, முனைவர் பட்டத்துடன் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர், ஆய்வுக் கட்டுரை முதலிய தகுதிகளும் நிரம்பினால், 12 ஆண்டுகளில் இணைப் பேராசிரியராகலாம். மேலும் 3 ஆண்டுகளில் பேராசிரியராகலாம். முன்னைப் பணிக்காலம் நிபந்தனைகளுக்கு உட்பட்டே அக்கணக்கில் சேரும். வேலையின்றிக் கழிந்த ஆண்டுகள் சேரவே மாட்டா. அடிப்படைச் சம்பளம் பின்தங்கினால் அதன்மீது கணக்கிடும் பஞ்சப்படியும் பின்தங்கும்.

“அவர் தாமே விரும்பி விட்டதுதானே?” என்பர். இருவருள் ஒருவரை மட்டுமே விட்டுக்கொடுக்கச் சொல்லிவிட்டு, அதை அவருடைய விருப்பம் என்பது எவ்வகை நியாயம்? உத்தரவு வந்த இரவில் யார் வேலையை விடுவது என்ற பேச்சே நம் வீடுகளில் எழுவதில்லை.

அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தர், 1920இல், போபால் அரசி சுல்தான் ஜகான் பேகம். அங்கே ஒரு பெண்மணி துணைவேந்தரானது 2024இல். முன்னது அரச மரபுக்குக் கிடைத்த சிறப்பு. பின்னதற்குப் படிப்படியாக ஏறிவர வேண்டியிருந்தது.

விதிகள் சற்று இளகியுள்ளன. 2016ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வு மாணவியர்க்கு 240 நாள் பேறுகால விடுப்பும், முனைவர் பட்டத்துக்கு இரண்டாண்டுக் கூடுதல் அவகாசமும் அளித்தன. நன்றே. வீட்டு விதிகளோ பழையபடியே நிற்கின்றன. மகளை முனைவர் பட்டம்வரை படிக்க வைக்கும் நாமே, வரன் பேசும்போது மாப்பிள்ளைக்கு எந்த ஊரில் வேலை என்றுதான் விசாரிக்கிறோம். பெண்ணுக்கு நேர்முகத் தேர்வு எந்த மாதம் என்று கேட்ட மாப்பிள்ளை வீட்டாரை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?