இரண்டு கையால் திறக்கும் கத்தி

போன வருஷம் மார்ச் மாதம் ஒரு ராத்திரி. மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக ஒருவரோடு எனக்குச் சண்டை. துண்டு போட்டு இடம் பிடித்திருந்தேன். அவர் அந்தத் துண்டை எடுத்து மேலே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். நான் ரெண்டு வார்த்தை சொன்னேன், அவர் மூணு வார்த்தை சொன்னார். அதில் ஒன்று என் அம்மாவைப் பற்றியது. அப்போது என் வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் போனது. உள்ளே ஒரு மடக்குக் கத்தி இருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. கண்டக்டர் வந்து ரெண்டு பேரையும் திட்டினார். நான் பின் சீட்டுக்குப் போனேன், அந்த ஆள் அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டார். ஆனால் கொடைரோடு தாண்டும்வரை என் கை பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை. குத்துவதற்காகப் போன கை இல்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். பின்னே எதற்காகப் போனது என்று கேட்டால்தான் என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கத்தியை 400 ரூபாய்க்கு ஒரு பிளாட்பாரக் கடையில் வாங்கியிருந்தேன். முழுக்கக் கறுப்பு. பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன நாக்கை ஆள்காட்டி விரலால் தட்டினால் அலகு விருட்டென்று வெளியே வரும். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே அம்மா கேட்டாள்: “எதுக்குடா இது?”

“பார்சல் பிரிக்கம்மா.”

பொய். பார்சல் பிரிக்க வீட்டில் கத்தரிக்கோல் இருக்கிறது. விரலால் தட்டினால் திறக்கும் அந்தச் சத்தம் பிடித்திருந்தது, அதனால் வாங்கினேன். டீ குடிக்கும்போது, போன் பேசும்போது, சும்மா இருக்கும்போதெல்லாம் தட்டித் தட்டித் திறந்துகொண்டிருந்தேன். ஒரு மாதத்தில் மனசுக்குத் தெரியாமலே கை அதைப் பழகிவிட்டது.

பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் முதல் பகுதியில் ஒரு கேள்வி வருகிறது. நீதி என்றால் உண்மை பேசுவது, வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது என்று பேச்சு போகிறது. சாக்ரட்டீஸ் குறுக்கே கேட்கிறார்: தெளிந்த மனதோடு இருந்த நண்பன் உன்னிடம் ஆயுதத்தைக் கொடுத்து வைக்கிறான். பிறகு புத்தி பேதலித்து வந்து திருப்பிக் கேட்கிறான். கொடுப்பாயா? கொடுக்கக் கூடாது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கல்லூரியில் படித்தபோது இது ஏதோ வாதத்துக்காகச் சொன்ன உதாரணம் என்று நினைத்தேன். பஸ்ஸில் நடந்ததற்குப் பிறகு அது என்னைப் பற்றியதாகிவிட்டது. காலையில் கத்தியைப் பாக்கெட்டில் போட்டவன் தெளிந்தவன். ராத்திரி அதைத் தேடிக் கை விட்டவன் வேறு ஒருவன். கொடுத்து வைத்தவனும் திருப்பிக் கேட்டவனும் நானே. நடுவில் வைத்துக் காப்பாற்ற வேண்டிய நண்பன் யார்? அங்கே யாரும் இல்லை. கத்தி மட்டும்தான் இருந்தது. விரலால் தட்டினால் திறக்கும் கத்தி எந்தக் கேள்வியும் கேட்காமல் தன்னை ஒப்படைத்துவிடும்.

அந்தக் கத்தியின் முடிவு சாதாரணமானது. சணல் கயிறு அறுத்துக்கொண்டிருந்தபோது பூட்டு நழுவி, அலகு என் விரல் மேலேயே மடங்கியது. மூன்று தையல். 400 ரூபாயில் பெரும்பங்கு அந்த விருட்டுக்கும் கறுப்புப் பூச்சுக்கும் போயிருக்க வேண்டும். பூட்டுக்கும் இரும்புக்கும் மிச்சம் எதுவும் இருந்திருக்காது.

நாலு மாதம் கத்தியே இல்லாமல் இருந்தேன். பிறகு 2,000 ரூபாய் எடுத்து வைத்துக்கொண்டு யோசித்து ஒன்று வாங்கினேன். முதல் மடக்குக் கத்தி எது வாங்கலாம் என்று இப்போது நண்பர்கள் கேட்டால், இந்த இரண்டாவதைத்தான் என் முதல் கத்தியாகக் காட்டுகிறேன். ஒப்பினெல், எட்டாம் நம்பர். பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-இல் செய்ய ஆரம்பித்த கத்தி. பீச் மரத்தில் ஒரு பிடி, 8.5 செ.மீ. அலகு, கழுத்தில் ஒரு உலோக வளையம். அவ்வளவுதான். ஒளித்து வைத்த வித்தை எதுவும் கிடையாது.

வளையத்தைத் திருப்ப வேண்டும். அலகில் இருக்கும் பள்ளத்தில் நகத்தை வைத்து இழுக்க வேண்டும். திறந்ததும் வளையத்தை மறுபடி திருப்பிப் பூட்ட வேண்டும். இரண்டு கையும் வேண்டும். ஐப்பசி மழையில் மரம் ஊறிவிட்டால், அலகு வரமாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

அந்த வளையத்துக்கும் ஒரு கதை உண்டு. முதல் அறுபது வருஷத்துக்கு மேல் இந்தக் கத்தியில் பூட்டே இல்லை. 1955-இல் வளையம் வந்தது. திறந்த அலகு விரல் மேல் மடங்காமல் இருப்பதற்காக. 2000-இல் அதையே கொஞ்சம் மாற்றி, மூடிய அலகு தானாகத் திறக்காமலும் பூட்டினார்கள். முதல் பூட்டு கத்தி வேலை செய்யும்போது காக்கிறது. இரண்டாவது, கத்திக்கு வேலை இல்லாதபோது காக்கிறது. இரண்டாவதுக்கு நாற்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது.

இது மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். சுவிட்சர்லாந்து விக்டோரினாக்ஸின் சின்னக் கத்திகளும் நகம் வைத்துத் திறப்பவைதான். எது வாங்கினாலும் கடையிலேயே திறந்து, அலகைப் பக்கவாட்டில் லேசாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நான் வாங்கியது கார்பன் ஸ்டீல். துரு பிடிக்கும். மாங்காய் நறுக்கினால் கறுத்துப்போகும். ஆனால் சாணைக்கல்லில் சீக்கிரம் கூர் ஏறும். மழுங்கிய கத்தியை அழுத்தித்தான் வெட்ட வேண்டும், அழுத்தும்போதுதான் வழுக்கும். அதனால் பட்ஜெட்டில் ஒரு கல்லுக்கும் காசு ஒதுக்குங்கள். துடைத்து, எண்ணெய் தடவி, தீட்டி வைக்கும் வேலை கையை வேறு விதமாகப் பழக்குகிறது.

நண்பன் ஒருவன் சிரித்தான். “ரெண்டு மூணு செகண்ட்ல என்னடா மாறிடும்? குத்தணும்னு நினைக்கிறவன் வளையத்தைத் திருப்பிட்டேதான் வருவான்.”

உண்மைதான். குத்த வேண்டும் என்று முடிவெடுத்தவனை எந்த வளையமும் நிறுத்தாது. எனக்குக் கவலை முடிவெடுக்காதவனைப் பற்றி. மனசு போவதற்கு முன்னால் கை போய்விடுகிற, நம்மைப் போன்ற சாதாரண ஆட்களைப் பற்றி. எங்களுக்கு மூன்று நொடி பெரிய சொத்து. ‘நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்’ என்று கேட்டுக்கொள்ள ஒரு நொடி போதும்.

“அப்ப கத்தியே வேண்டாம்னு விட்டுட வேண்டியதுதானே” என்றான் அடுத்து. இது கஷ்டமான கேள்வி. கத்தி இல்லாத அந்த நாலு மாதத்தில் நான் ஒன்றும் சாந்தமாகிவிடவில்லை. ஒருமுறை சண்டையில் கை ஹெல்மெட்டைத் தேடியது. பொருளை அகற்றினாலும் கை இருக்கிறது. அதற்காகக் கத்தி எங்கும் என்னோடு வரலாம் என்றும் ஆகிவிடாது. பஸ்ஸில் நான் அதை எடுத்துப்போவதில்லை. இது சட்டத்துக்குப் பயந்து அல்ல. இந்திய ஆயுத விதிகள் கவலைப்படுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைப் பற்றி. என்னுடையது அதில் பாதிகூட இல்லை. ஆனால் எனக்கு என்னைத் தெரியும். மீன் வலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் கயிறு அறுப்பவருக்கு ஒரு கையால் திறக்கும் கத்திதான் வேண்டும். ‘எதுக்கு’ என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கிறது. என் பதில் மாங்காய், பென்சில், தொட்டிச் செடி. இதற்கெல்லாம் அவசரம் கிடையாது.

போன வாரம் அம்மா மாங்காய் நறுக்கக் கத்தி கேட்டாள். பாக்கெட்டிலிருந்து எடுத்து நீட்டினேன். கையை நீட்டவே இல்லை. “கீழ வை” என்றாள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் வீட்டில் பாட்டி காலத்துப் பழக்கம். மூடநம்பிக்கை என்று எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் தரையில் வைத்தேன். குனிந்து எடுத்தாள். வளையத்தோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினாள்.

“எப்படிடா திறக்கிறது இதை?”

“ரெண்டு கையும் வேணும்மா.”

நறுக்கி முடித்ததும் முந்தானையில் துடைத்து, மடக்கி, வளையத்தைத் திருப்பித் தரையில் வைத்தாள். எதுக்குடா இது என்று இந்தத் தடவை கேட்கவில்லை. நான் குனிந்து எடுத்துக்கொண்டேன்.