யார் பெயரில் வீடு?

தாமிரபரணிக் கரையில் வீட்டைத் தயார்செய்வது குளிருக்காக அல்ல, மழைக்காக. பொதிகையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை ஆற்றை நிறைக்கும். நம் கூரைமேல் கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை. ஆகவே புரட்டாசி வெயில் இருக்கும்போதே வேலை தொடங்கிவிடும். நழுவிய ஓட்டை மாற்ற ஆள் சொல்ல வேண்டும். மொட்டைமாடி வடிகுழாயை அடைத்திருக்கும் வேப்பஞ்சருகை அள்ள வேண்டும். பட்டாசல் சுவரில் ஓதம் ஏறிய இடத்தைச் சுரண்டிக் காயவிட வேண்டும். பருப்பையும் வற்றலையும் வெயில் காட்டி மூடிவைக்க வேண்டும்.

இதில் கொத்தனார் செய்வதற்கு மராமத்து என்று பெயர்; கூலியும் உண்டு. அவருக்குக் கலவை சுமக்கும் பெண், எத்தனை வருடம் சுமந்தாலும் பெரும்பாலும் சித்தாளாகவே இருக்கிறாள், கூலியும் குறைவு. மிச்ச வேலையெல்லாம் வீட்டுப் பெண்ணுடையது. அதற்குக் கூலி கிடையாது, தனியாக ஒரு பெயர்கூடக் கிடையாது.

பொதுவில் கிடக்கும் நிலத்தில் ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடையதாகிறது என்றார் 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக். உண்டாக்கும் உழைப்புக்கு இப்படி உரிமை சொல்லும் உலகம், காக்கும் உழைப்பைக் கடமை என்று ஒதுக்கிவிடுகிறது. பத்து மழைக்காலம் கவனிக்காமல் விட்ட வீடு என்னவாகும் என்று நமக்குத் தெரியும். காப்பதும் கட்டுவதுதான், வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது, அவ்வளவே.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆறு பெருகி நெல்லைச் சந்திப்பு, சிந்துபூந்துறைப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்தபின் அடுக்களைச் சேற்றை வழித்துக் கழுவிய கைகள் யாருடையவை என்று சொல்லத் தேவையில்லை. அவற்றில் எத்தனை கைகளுக்குச் சொந்தக்காரிகளின் பெயர் அந்த வீட்டுப் பத்திரத்தில் இருந்திருக்கும்?

பிறந்த வீட்டுப் பூர்வீகச் சொத்தில் இந்து மகள்களுக்குச் சமபங்கு தர 1989இல் தமிழ்நாடும் 2005இல் ஒன்றிய அரசும் சட்டம் திருத்தின. அது பிறப்பால் வரும் உரிமை. உழைப்பால் வரும் உரிமையைப் பேசியது 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு: கணவன் பெயரில் வாங்கிய சொத்தானாலும், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அதில் சேர்ந்திருக்கிறது, அவளுக்கும் சமபங்கு உண்டு.

“அன்பால் செய்வதற்குக் கணக்குப் பார்க்கலாமா?” என்று என் வகுப்பில் மாணவிகளே கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். ஆனால் அப்பாவும் குடும்பத்தின்மேல் வைத்த அன்பால்தானே வீடு கட்டினார்? அன்பால் கட்டினீர்கள், உங்களுக்கு எதற்குப் பத்திரம் என்று யாரும் அவரைக் கேட்கவில்லையே. அன்பு அவருடைய உரிமையைக் குறைக்கவில்லை என்றால், நம்முடையதை மட்டும் ஏன் குறைக்க வேண்டும்?

வெள்ளத்துக்குப் பிறகு இங்கே ஒரு புது வேலையும் சேர்ந்திருக்கிறது. வீட்டுப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பரண்மேல் ஏற்றுகிறோம். அதையும் பெரும்பாலும் நாம்தான் செய்கிறோம். இந்தப் புரட்டாசியில் சுற்றுவதற்கு முன் அதைப் பிரித்து, யார் பெயர் இருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள். பிறகு வீட்டில் பேசுங்கள்.