குடில் கட்டுகிற வீடு

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் எங்கள் முன்னறை என் கையை விட்டுப் போய்விடும். நவம்பர் கடைசியில் ஒரு காலை என் வீட்டுக்காரர் கிறிஸ்துமஸ் குடில் கட்டப் பரணில் ஏறுவார். சாக்கு, தெர்மாகோல் துண்டுகள், போன வருஷத்துச் சீரியல் செட், செய்தித்தாளில் சுற்றிய ஆடு மாடுகள் எல்லாம் வரிசையாக இறங்கும். சோபா சுவரோடு ஒட்டிக்கொள்ளும். டீப்பாய் மாடிப்படிக்கு அடியில் போகும். வருகிறவர்களைச் சமையலறையில் உட்காரவைத்துத்தான் காபி கொடுக்க வேண்டும். "ரெண்டே நாளு, முடிச்சிருவேன்" என்பார். கட்டடம் கட்டுகிற யார்தான் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்கள்?

சீரகம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று இன்னும் என்னைக் கேட்கிற மனிதர்தான். ஆனால் எந்த ஆட்டுக்கு எந்தக் கால் ஒட்டுப்போட்டது என்பது அவருக்கு மனப்பாடம். சாக்கை சிமென்ட் பாலில் முக்கி, அட்டைப்பெட்டிகள் மேல் போர்த்திக் காயவிட்டால் மலை ஆகிவிடும். தூத்துக்குடிப் பக்கம் டிசம்பரில் மழை எந்த நேரம் வரும் என்று சொல்ல முடியாது. அதனால் மொட்டைமாடியில் காய வேண்டிய மலை முன்னறையில் ஃபேனுக்குக் கீழே காயும். குடிசைக்குப் பனையோலைதான் வேண்டும், தென்னங்கீற்று ஆகாது. வேலிக்கு என் விளக்குமாற்றிலிருந்து குச்சி. வானத்துக்கு என் நீலப் புடவை. புல்வெளிக்கு என் கேழ்வரகு. ராத்திரி ஊறவைத்து, தட்டில் மண் பரப்பி, பத்து நாள் முன்னதாகவே விதைத்துவிட வேண்டும். வெளிச்சம் படாவிட்டால் வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும். விதைக்கிறவர் அவர். காலையில் ஜன்னலோரம் நகர்த்தி, தண்ணீர் தெளித்து, மாலையில் உள்ளே எடுத்துவைப்பது நான். பார்க்க வருகிறவர்கள் "புல்லு ஜோரா இருக்கே" என்பது அவரிடம்.

மலைக்குப் பக்கத்தில் கிணறு, மாட்டுவண்டி, கண்ணாடித் துண்டில் ஒரு குளம் எல்லாம் உண்டு. "பெத்லகேமில் ஏதுங்க மாட்டுவண்டி?" என்று ஒருமுறை கேட்டேன். மாடும் கழுதையும்கூடத்தான் லூக்கா நற்செய்தியில் இல்லை, அதை யாராவது எடுக்கச் சொல்கிறார்களா என்றார். உண்மைதான். எசாயாவின் முதல் அதிகாரத்திலிருந்து அவை குடிலுக்குள் நடந்து வந்தன என்பார்கள். ராஜாக்கள் மூன்று பேர் என்றும் மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை. நேப்பிள்ஸ்காரர்கள் குடிலுக்குள் மீன்கடையே வைக்கிறார்களாம், நம் ஊர் மாட்டுவண்டிக்கு என்ன குறைச்சல் என்று அவர் பக்கம் வாதம் வலுத்துக்கொண்டே போகும். 2019 டிசம்பர் 1 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோ ஊருக்கே போய்க் குடில் பற்றி ஒரு திருமடலில் கையெழுத்திட்டார்; வீடுகளில் குடில் அமைக்கும் வழக்கத்தை அதில் ஊக்கப்படுத்தியிருந்தார். அதற்குப் பிறகு என் தரப்பில் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. "போப்பே சொல்லிட்டாரு" என்று ஏணியை விரித்துவிடுவார்.

அந்தக் கிரேச்சோ கதையில்தான் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. 1223இல் அசிசி பிரான்சிஸ் அங்கே குடில் அமைத்தார் என்று எல்லோரும் சொல்கிறோம். சில ஆண்டுகளிலேயே அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ தோமா சொல்வதைப் பார்த்தால், திருநாளுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது பிரான்சிஸ் அந்த ஊரைச் சேர்ந்த யோவான் என்பவரை வரவழைத்து, என்னென்ன வேண்டும் என்று சொல்கிறார். தொட்டியும் வைக்கோலும் மாடும் கழுதையும் ஏற்பாடு செய்தவர் அந்த யோவான். எண்ணூறு வருஷமாகப் பெயர் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிரான்சிஸ் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, அவர் பெயருக்கு ஆசைப்பட்டவரே அல்ல. ஆனால் இதைப் படித்த நாளிலிருந்து யோவான் எனக்கு நெருங்கிய சொந்தமாகத் தோன்றுகிறார்.

வருஷம் முழுக்க நடக்கிற வேலைக்குப் பார்வையாளர் கிடையாது. மதியச் சோற்றைப் பார்க்க யாரும் பக்கத்துத் தெருவிலிருந்து வருவதில்லை. ஒரு பருவத்தில் மட்டும் நடக்கிற வேலைக்குத்தான் விருந்தாளி, போட்டோ, பங்கு இளைஞர்கள் வந்து போடுகிற மார்க், சுவரில் மாட்டுகிற சான்றிதழ். இதை நான் பொறாமையாகச் சொல்லவில்லை. கொஞ்சம் பொறாமையும் இருக்கலாம்.

ஆனாலும் டிசம்பரில் என் வீட்டுக்காரர் வேறு ஆள். மற்ற மாதங்களில் ஆபீஸிலிருந்து வந்ததும் செல்போனில் புதைகிறவர், இந்த நாட்களில் மகளோடு உட்கார்ந்து ஒட்டகத்தை எங்கே நிறுத்துவது என்று சண்டை போடுகிறார். ராஜாக்கள் டிவி ஸ்டாண்டிலிருந்து புறப்பட்டுத் தினம் ஒரு சாண் நகர்ந்து வர வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம், அதை மீற அவருக்கே தைரியம் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு நான் படுக்கப் போகும்போது, "இங்க வந்து நின்னு பாரு, ஸ்டார் கோணலா தெரியுதா?" என்பார். கோணலாகத்தான் இருக்கும். இடது பக்கம் ஒரு விரல் ஏற்றச் சொல்வேன். ஏற்றுவார். இன்னும் கொஞ்சம். போதும். அந்த நேரத்தில் அவருடைய சினேகிதர்கள் யாரையும் அவர் கேட்பதில்லை, நான் சொல்கிற கோணல்தான் கோணல். வீட்டுச் செலவிலும் மாமியார் விஷயத்திலும் கிடைக்காத தீர்ப்பு அதிகாரம் இந்த ஒரு நட்சத்திரத்தில் எனக்குக் கிடைத்திருக்கிறது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து, பாலன் சொரூபத்தை மகள் வைக்கோலில் கிடத்தியதும் கட்டடப் பணி நிறைவு. பிறகு வருவதுதான் யோவான்களின் காலம். கிரேச்சோ வைக்கோல் வீணாகவில்லையாம். நோய்ப்பட்ட கால்நடைக்கும் பிரசவ வேதனையில் இருந்த பெண்களுக்கும் பயன்பட்டதாகத் தோமா எழுதுகிறார். எங்கள் வீட்டு வைக்கோல் பாஸ்கா வரைக்கும் சோபாவுக்கு அடியில் கிடைத்துக்கொண்டிருக்கிறது. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் மலையைப் பிரிக்க வேண்டும். சிமென்ட் தூள், சாக்கு நார், காய்ந்த கேழ்வரகு வேர், ஃபெவிகால் சொட்டிய தரை. அன்றைக்குப் பார்த்து அவருக்கு ஆபீஸில் ஆடிட் வந்துவிடும்.

பங்கில் குடில் போட்டி நடத்துகிறவர்களிடம் இந்த வருஷம் ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். மார்க் போட டிசம்பர் 26இல் வர வேண்டாம். ஜனவரி 8இல் வாருங்கள், தரையைப் பார்த்துவிட்டுப் பரிசு கொடுங்கள். சிரித்தார்கள். அவர்களுடைய அம்மாக்கள் மட்டும் சிரிக்கவில்லை, தேதியைக் குறித்துக்கொண்டார்கள்.