அகத்திரையும் புறத்திரையும்

மாலை நேரம். வீட்டுக் கூடத்தில் பாட்டி அமர்ந்திருக்கிறார். பள்ளியிலிருந்து திரும்பிய பேரன் தன் கைப்பேசியில் ஏதோ ஒரு காணொளியைக் கண்டு நகைக்கிறான். "என்னய்யா அது? எனக்குந்தான் காட்டேன்!" என்கிறார் பாட்டி. அவன் திரையின் மூலையிலுள்ள ஒரு சிறு குறியைத் தொடுகிறான். கம்பி எதுவும் இல்லை. ஆயினும், உள்ளங்கையளவாய் இருந்த காட்சி மறுகணமே சுவரையொட்டி நிற்கும் தொலைக்காட்சியில் பெரிதாய் விரிகின்றது. பாட்டி வியந்து பார்க்கிறார். பேரனோ அதற்குள் கைப்பேசியில் வேறொன்றைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறான்.

பல இல்லங்களில் நாள்தோறும் நிகழும் எளிய நிகழ்ச்சி இது. இதில் எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஆயினும், இதனுள் பெரியதோர் அறவினா அடங்கிக் கிடக்கின்றது. தன் கையில் இருப்பதைப் பிறர் கண்முன் வைப்பவனுக்கு அக்காட்சியின்பால் உள்ள கடமை யாது? விரலால் தொட்டதோடு அவன் பொறுப்பு முடிந்துவிடுகின்றதா? இது வீட்டிற்கு மட்டுமன்றி வகுப்பறைக்கும் உரிய வினாவாகும். ஆதலின், ஆசிரியரும் மாணவரும் இதனை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும்.

சிங்கப்பூரில் 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாளும், மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாளும் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. அந்நாளில் பெட்டி வாங்கும் வசதி சிலருக்கே இருந்தது. சிங்கப்பூரின் சமூக நிலையங்களில் மக்கள் திரண்டு நின்று பார்த்தனர். தோட்டப்புறங்களில் பெட்டி உள்ள வீட்டின் வாசலே சிற்றரங்கமாயிற்று. எதைக் காட்டுவது என்பதை நிலையத்தார் முடிவு செய்தனர். அலைவரிசையை மாற்ற வேண்டுமாயின் ஒருவர் எழுந்து சென்று, எல்லாரும் பார்த்திருக்க, பெட்டியின் குமிழைத் திருப்ப வேண்டியிருந்தது. "ஏன் மாற்றினாய்?" என்று அந்த இடத்திலேயே கேட்பதற்குப் பின்னால் அமர்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் வாய்ப்பிருந்தது.

பின்னர்க் கைப்பேசி வந்தது. பொதுவாயிருந்த திரை ஒவ்வொருவர் உள்ளங்கைக்கும் இறங்கியது. ஒரே கூடத்தில் ஐவர் அமர்ந்து ஐந்து காட்சிகளைக் காணும் நிலை உருவாயிற்று. பிரிந்துபோன இவ்விரு திரைகளையும் இணைக்கும் பாலமாக வந்ததே கம்பியின்றிக் காணொளியை அனுப்பும் முறை. 2010இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்பிளே, 2012இல் மிராகாஸ்ட், 2013இல் கூகுள் நிறுவனத்தின் குரோம்காஸ்ட் என வழிகள் அடுத்தடுத்துத் தோன்றின. இன்று விற்பனையாகும் அறிவார்ந்த தொலைக்காட்சிகள் பலவற்றில் இவ்வாற்றல் உள்ளேயே அமைந்திருக்கின்றது.

இம்முறை இருவகைப்படும். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், உள்ளே நிகழ்வது வேறு வேறு. முதல் வகையைப் பிரதிபலித்தல் எனலாம். கைப்பேசித் திரையில் எவை எவை தோன்றுகின்றனவோ அவை அனைத்தையும் நொடிதோறும் பலமுறை படமாக்கிச் சுருக்கி, வானலை வழியே தொலைக்காட்சிக்கு அனுப்புவது இம்முறை. கைப்பேசி ஓய்வின்றி உழைப்பதால் அதன் மின்கலம் விரைவில் தளரும். அதன் திரையை அணைத்தால் பெரும்பாலும் பெரிய திரையிலும் காட்சி நின்றுவிடும்.

இரண்டாம் வகையை மக்கள் 'காஸ்ட்' செய்தல் என்று வழங்குகின்றனர். கைப்பேசியும் தொலைக்காட்சியும் ஒரே வைஃபை இணைப்பில் இருத்தல் வேண்டும். குறியைத் தொட்டவுடன், காட்சியை ஏற்கவல்ல கருவி ஏதேனும் அவ்விணைப்பில் உண்டா என்று கைப்பேசி வினவுகின்றது. தொலைக்காட்சி தன் பெயரைச் சொல்லி விடை தருகின்றது. பிறகு, இணையத்தில் அந்தக் காணொளி இருக்கும் முகவரியை மட்டும் கைப்பேசி அதனிடம் ஒப்படைக்கின்றது. தொலைக்காட்சி தானே இணையத்திற்குச் சென்று காட்சியைப் பெற்றுக்கொள்கின்றது. கைப்பேசியிலேயே சேமித்து வைத்த படமாயின் அதனைக் கைப்பேசிதான் அனுப்பவேண்டும். இணையக் காணொளியாயின் அது கைப்பேசி வழியாகச் செல்வதே இல்லை. பேரன் வேறொன்றைப் பார்க்க முடிந்தது இதனாலேதான்.

சுருங்கச் சொன்னால், முதல் வகையில் கைப்பேசி சுமந்து செல்லும் தோள். இரண்டாம் வகையில் சுட்டிக்காட்டும் விரல். இரண்டிலும் அறத்திற்கு ஒவ்வொரு சோதனை உண்டு.

முதலாவதை விளக்க ஒரு வகுப்பறையைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஆசிரியர் பாடத்திற்குரிய காணொளி ஒன்றைத் தம் கைப்பேசியிலிருந்து பிரதிபலிக்கிறார். முப்பது மாணவர்கள் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். அவ்வேளை திரையின் மேற்புறத்தில் ஒரு செய்தி வந்து இறங்குகின்றது. 'ஐயா, எனக்கு வேலை போய்விட்டது. சுற்றுலாப் பணத்தை இம்மாதம் மகனிடம் கொடுத்தனுப்ப இயலவில்லை' என்று ஒரு தந்தை எழுதியிருக்கிறார். செய்திக்கு மேல் அவர் பெயர். சில நொடிகளில் அது மறைந்துவிடுகின்றது. ஆனால், மூன்றாம் வரிசையில் ஒரு சிறுவனின் தலை கவிழ்ந்துவிடுகின்றது.

இங்கே குற்றம் யாருடையது? ஆசிரியர் தீங்கு நினைக்கவில்லை. தந்தை முறையாகவே தெரிவித்தார். கருவியும் பழுதுபடவில்லை, திரையில் உள்ளதை எல்லாம் காட்டு என்று அதற்கு ஆணையிடப்பட்டது, அது காட்டியது. எனினும், ஒருவரை நம்பிச் சொல்லப்பட்ட சொல் முப்பது பேர் முன்னிலையில் வாசிக்கப்பட்டுவிட்டது. இனி எந்த விசையை அழுத்தினாலும் அதனைத் திரும்பப் பெற முடியாது.

அகம், புறம் என்னும் பாகுபாடு தமிழுக்குப் புதியதன்று. அன்பின் ஐந்திணையைப் பாடுங்கால் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் ஆகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையை இவ்விடத்தில் நினைவுகூரலாம். தலைவியின் பிரிவுத் துயரைப் பேசும் அப்பாட்டை நச்சினார்க்கினியர் புறம் என்றே கொண்டார். பாண்டியர்க்குரிய அடையாளப் பூவாகிய வேம்பு அதில் சுட்டப்பட்டமையே அவர் காட்டிய காரணம். பெயர்கூடச் சொல்லப்படவில்லை. இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் ஓர் அடையாளம் வந்த அளவிலேயே அகம் புறமாகிவிட்டது என்பது அவர் கருத்து. அவ்விலக்கணம் காதலைப் பற்றியது, கைப்பேசியைப் பற்றியதன்று. எனினும், ஒருவரின் உள்வாழ்வைப் பொதுவில் வைக்கும்போது அவர் இன்னார் என வெளிப்படாதவாறு காத்தல் வேண்டும் என்ற நுண்ணுணர்வு அதன் அடியில் இருக்கின்றது. ஒரு பூவுக்கே அத்துணை எச்சரிக்கை காட்டிய மரபில் வந்தவர்கள், பெயரோடு வந்திறங்கும் ஒரு செய்தியைப் பற்றிக் கவலையின்றி இருத்தல் பொருந்துமா?

இச்சோதனையை வெல்லுதல் அரிதன்று. காட்டுவதற்கு முன் அறிவிப்புகள் தோன்றாதவாறு கைப்பேசியில் அமைத்துக்கொள்ளலாம். முழுத் திரையையும் பிரதிபலிக்காமல் வேண்டிய காணொளியை மட்டும் 'காஸ்ட்' செய்யலாம். இவற்றைச் செய்ய ஒரு நிமிடமும் ஆகாது. அந்த ஒரு நிமிடத்தைச் செலவிட வேண்டும் என்ற நினைவு வருகின்றதா என்பதே வினா. அந்நினைவு, தன் கையிலிருப்பது தனக்கு மட்டும் உரியதன்று, பிறர் நம்பி ஒப்படைத்தவையும் அதில் உள்ளன என்னும் உணர்விலிருந்தே பிறக்கும்.

இனி, இரண்டாம் சோதனை. அது முதலாவதைவிட நுட்பமானது. படம் என் கைப்பேசி வழியே போகவே இல்லை. நான் இடத்தைச் சுட்டினேன், தொலைக்காட்சி தானே எடுத்துக்கொண்டது என்று ஒருவன் சொல்லக்கூடும். தொழில்நுட்ப அளவில் அவன் கூற்று உண்மையே. அறத்தின் அளவிலும் அது உண்மையாகுமா?

அவன் பக்கத்து நியாயத்தையும் கேட்டல் வேண்டும். நூலகத்தில் ஒரு நூலை மாணவனுக்குச் சுட்டிக்காட்டும் ஆசிரியர், அந்நூலின் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்க முடியாது. ஊருக்கு வழி சொன்னவன், அவ்வூரில் நடப்பனவற்றுக்கெல்லாம் பொறுப்பாளியல்லன். சுட்டுதலுக்கெல்லாம் முழுப் பொறுப்பையும் ஏற்றினால் உலகில் யாரும் யாருக்கும் எதையும் சுட்ட மாட்டார்கள். கல்வியே நின்றுவிடும். இவ்வாதம் வலுவானது, எளிதில் தள்ளத்தக்கதன்று.

ஆயினும், இரண்டிற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. நூலைப் பெற்ற மாணவன் அதனை மூடிவைக்கலாம். வழி கேட்டவன் பாதியில் திரும்பி வரலாம். வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளை எழுந்து போக முடியாது. ஆசிரியர் காட்டுவதைக் காண்பதே அவன் கடமை என்று அவனுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கின்றது. கூடத்தில் அமர்ந்திருக்கும் முதியவருக்குப் படத்தை நிறுத்தும் வழி தெரியாமலிருக்கலாம். கைத்திரையில் பார்ப்பவனே நிறுத்துபவன். பொதுத்திரையில் பார்ப்பவர் பலர், நிறுத்தும் விரல் ஒன்று. ஆதலின், சுட்டியவன் பொறுப்பைச் சுட்டுதலைக் கொண்டு மட்டும் அளத்தல் ஆகாது. பார்ப்பவர் விலகிச் செல்வதற்கு எவ்வளவு உரிமை பெற்றிருக்கின்றனர் என்பதையும் கொண்டே அளத்தல் வேண்டும். அவர்கள் உரிமை எந்த அளவுக்குக் குறைகின்றதோ அந்த அளவுக்கு அவன் கடமை மிகுகின்றது.

இவ்வளவுகோலைக் கையிலெடுத்தால் பல செயல்களின் தன்மை தெளிவாகும். காணொளியை ஓடவிட்டு ஆசிரியர் ஏடுகளைத் திருத்தத் தொடங்குகிறார். பாடக் காணொளி முடிந்ததும், யாரும் கேளாமலே அடுத்த காணொளி தானாகத் தொடங்குகின்றது. அதனைத் தேர்ந்தது ஆசிரியரல்லர், ஒரு கணிப்பொறி. ஆனால், பிள்ளைகளை அதன்முன் அமர்த்தியவர் ஆசிரியரே. முன்கூட்டி முழுமையாகப் பார்த்தல், தானாகத் தொடரும் அமைப்பை நிறுத்தி வைத்தல், படம் முடியும்வரை உடனிருத்தல் ஆகிய மூன்றும் அவர் தொழிலின் பகுதிகளே அன்றிச் சலுகைகள் அல்ல.

வீட்டிலும் அப்படியே. ஒரே வைஃபையில் இணைந்திருக்கும் எந்தக் கைப்பேசியும் பெரும்பாலும் அந்தத் தொலைக்காட்சியைத் தன்வயப்படுத்த முடியும். பாட்டி ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கும் தொடரை, மாடியறையில் இருக்கும் பேரன் தன் அறையை விட்டு வெளியே வராமலே அகற்றி, தான் விரும்பியதை அங்கே ஓடச் செய்துவிடலாம். அன்று குமிழைத் திருப்பச் சென்றவன் பிறர் முகத்தைப் பார்த்தாக வேண்டியிருந்தது. இன்று திருப்புகிறவன் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கருவி அவன் கால்களுக்கு ஓய்வு தந்தது. கூடவே அவன் நாணுவதற்குரிய வாய்ப்பையும் எடுத்துக்கொண்டது. முகம் காணாத இடத்தில் நிகழும் சிறு கொடுமைகள் கொடுமை என்றே உணரப்படுவதில்லை. பேரன் தீயவன் அல்லன். கூடத்தில் இறங்கிவந்து பாட்டியின் முகத்தைக் கண்டிருந்தால் அவன் மாற்றியிருக்க மாட்டான்.

இவற்றால் இக்கருவி தீயது என்று முடிவு செய்தல் தவறாகும். தொலைவில் நடந்த உறவினர் திருமணத்தைப் பயணம் செய்ய இயலாத முதியவர் தம் கூடத்தில் அமர்ந்து பெரிய அளவில் காண்பது இதனால் இயல்கின்றது. நூல்கள் குறைவான பள்ளியிலும் மாணவர்கள் கோயில் கல்வெட்டையும் கடலடி உயிரையும் கண்ணாரக் காண்பது இதனால் இயல்கின்றது. இவற்றை வேண்டாவென்று தள்ளுவார் யார்? தள்ள வேண்டியது கருவியையன்று. காட்டிவிட்டேன், கடமை முடிந்தது என்னும் எண்ணத்தையே.

காட்டுதல் வேறு, பகிர்தல் வேறு. சோற்றைத் தட்டில் இட்டுவிட்டு எழுந்து போவதும் காட்டுதலைப் போன்றதே. உடனமர்ந்து, போதுமா என்று கேட்டு, வேண்டியதை அறிந்து இடுவதே விருந்து. திருமணக் காட்சியின்போது பேரன் அருகமர்ந்து, "பாட்டி, அந்தப் பச்சைச் சேலைக்காரர்தான் மாப்பிள்ளையின் அத்தை" என்று சொன்னால் அது பகிர்தல். ஆசிரியர் படத்தை இடையில் நிறுத்தி, "இப்பொழுது நீங்கள் கண்டது என்ன? ஏன் அவ்வாறு நிகழ்ந்தது?" என்று வினவினால் அது பகிர்தல். திருவள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்தே கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். உடனிருந்து சொல்வார் ஒருவர் இருந்தால்தான் கேட்பது கல்வியாகும். காண்பதற்கும் இது பொருந்தும்.

முதலில் கண்ட கூடத்தில் படம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றது. பாட்டிக்கு அதில் ஓரிடம் விளங்கவில்லை. திரும்பிப் பார்க்கிறார். பேரன் தலைகுனிந்து தன் கைத்திரையில் ஆழ்ந்திருக்கிறான். அவன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, "என்ன பாட்டி விளங்கவில்லை?" என்று அருகில் வந்து அமர்வானாயின், அக்கருவியால் இயலாத பணியை அவன் செய்தவனாவான்.