சலனமும் விக்கிரகமும்

ஒலியினும் இருமடங்கு வேகத்தில் பறந்த கன்கார்டு விமானத்தை, ஒலியை மீறி அது விரையும்போதே எடுத்த அபூர்வமான படமொன்று, 1985 ஏப்ரலில் ஐரிஷ் கடலின்மேல், டொர்னேடோ போர்விமானத்திலிருந்து ஏட்ரியன் மெரிடித் என்பவர் பிடித்ததாகும். வேண்டாத சுமைகளையெல்லாம் களைந்துவிட்டு ஓடியும் போர்விமானத்தால் சில நிமிஷங்களுக்குமேல் கூடப்போக முடியவில்லை. நம் நிலப்பரப்பின்மேல் ஒலியை மீறிப் பறக்க நம் அரசாங்கம் இணங்காமையால், அதன் வழியே சென்ற கன்கார்டின் சிங்கப்பூர் மார்க்கம் லாபமற்று 1980-இல் நின்றுபோயிற்று. ஆகவே நமக்கு வாய்த்தது படம் ஒன்றுதான். 2003 அக்டோபரில் கன்கார்டின் பயணிகள் சேவை முடிந்துவிட, அதன் படங்களைத் தேடி வாங்கிச் சட்டமிட்டு வைப்போர் பெருகினார்கள்.

அப்படத்தை உற்றுப் பார்த்தால், அதில் வேகமே இல்லை. ஓடுவதைப் பிடிக்க அதனோடு சமமாக ஓடவேண்டும்; சமமாக ஓடுகிறவன் கண்ணுக்கோ அது அசையாது நிற்கிறது. அப்படியாயின் வேகம் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு க்ஷணமும் பொருள் அழிந்து பிறிதொன்று தோன்றுகிறது, அவற்றை ஒன்றாகக் கோத்துச் சலனம் என்று பெயரிடுவது மனமே என்ற பௌத்தர் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பர்.

நான் அவ்வளவு எளிதில் இணங்காததற்குக் காரணம், தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியின் நடராஜர். குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982-இல் களவுபோய், 2001-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலுள்ள கலைக்கூடம் விலைகொடுத்து வாங்க, 2019 செப்டம்பரில் தாயகம் திரும்பியவர் அவர். அடிலெய்டிலும் தூக்கிய திருவடி அதுவே, வெண்கலமும் அதுவே. ஆயினும் ஆவாஹனம் இல்லை, அபிஷேகம் இல்லை, மார்கழித் திருவாதிரை இல்லை. ஸ்தபதி, ஆடுகிறவரைப் பார்த்து ஒரு க்ஷணத்தைக் கவர்ந்தவரல்லர். தியான சுலோகத்தை மனத்திற் கொண்டு, இறைவன் வந்து தங்குதற்கோர் இருக்கையைச் சமைத்தவர். புகைப்படமோ, நிகழ்ந்த சலனத்திலிருந்து அறுத்தெடுத்த துண்டு. சலனம் ஒழிந்தபின் விலை ஏறுவது அதற்கு இயல்பு. அடிலெய்டின் கண்ணாடிக்குள் இருந்த அத்தனை காலமும் நம் நடராஜரும் ஒரு புகைப்படமாகத்தான் இருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது: பார்க்கலாம், வியக்கலாம், விலைமதிக்கலாம், கூப்பிட முடியாது.

கலைக்கூடத்துப் பாஷையில் ஒரு சிலை 'காட்சிக்கு வைக்கப்படும்'. தாமிரபரணிக் கரையில் அதே விக்கிரகத்தை யாரும் அப்படிச் சொல்லக் கேட்டதில்லை, சுவாமி எழுந்தருளியிருக்கிறார் என்பார்கள்.